பனியில் போன கன்றுகளுக்கான பணம்

ஏப்ரல் 9

பனிப்புயல் ஓய்ந்தது. நான் எழுந்திருப்பதற்குள் என் வீட்டுக்காரன் ஆர்வல் செத்த கன்றுகளை டிராக்டரில் இழுத்துப்போய் ஓடைப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டான். தாய்கள் பக்கத்திலேயே நின்று கத்தினவாம், பார்க்கச் சகிக்கவில்லையாம்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தோலை உரித்தான். காதும் அதில் மாட்டிய எண் வில்லையும் தோலோடே தொங்கின. அதைத் தாயில்லாத கன்று ஒன்றுக்குச் சட்டை மாதிரி கட்டினான். கன்றைப் பறிகொடுத்த பசு மோந்து பார்த்தது. தன் கன்றின் வாசம்தானே, உதைக்கவில்லை. பால் குடிக்க விட்டது!

அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பி ஆறிப்போனது.

ஏப்ரல் 11

பக்கத்துப் பண்ணை ஹாஸ்கல் போன் செய்தான். "போட்டோ எடுத்தீங்களா? புயல்ல செத்த கன்னுக்கு கவர்மென்ட் பணம் தருது. ஆதாரம் கேப்பாங்க."

போட்டோவா? பள்ளத்தில் ஓநாய்கள் எலும்பைத்தான் மிச்சம் வைத்திருக்கின்றன.

ஆர்வலிடம் சொன்னேன். "செத்த கன்னைக் காட்டிக் காசு கேக்க மாட்டேன்" என்றான்.

"அப்போ அக்டோபர்ல பாதிப் பசுவை வித்து பேங்க் கடனைக் கட்டு."

கதவை அறைந்துவிட்டுப் போனான். வித்துட்டு இவன் இருந்துடுவானா? ஒவ்வொண்ணையும் பேர் வெச்சுக் கூப்பிடறவன்! வீம்பு, வீம்பு, உடம்பெல்லாம் வீம்பு.

ஏப்ரல் 12

நானே மனு போட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

மனுவைச் சரிபார்க்க மாவட்ட அலுவலகத்திலிருந்து மிஸஸ் ப்ரூயிட் வந்தாள். நகரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள். வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தொண்ணாம் நம்பர் கன்னு செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதோ, அதே நம்பர் காதுல தொங்க பால் குடிச்சிட்டிருக்கே?"

திருடியைப் பார்ப்பது போல அல்லவா பார்க்கிறாள்! வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த ஆர்வலுக்கு மனு போட்டதே அப்போதுதான் தெரியும். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அவன் வந்து தோலின் கயிற்றை அவிழ்த்தான். "இது செத்தவனோட சட்டைம்மா. உள்ள இருக்கிறவன் வேற."

"மத்ததுக்கு ஆதாரம்?"

அவன் கோட்டின் உள்பையில் கைவிட்டு, ஒரு கை நிறைய மஞ்சள் வில்லைகளை எடுத்து அவள் கார்மேல் வைத்தான். இழுத்துப் போகும் முன் ஒவ்வொரு காதிலிருந்தும் அறுத்து எடுத்திருக்கிறான். இத்தனை நாளும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான், எனக்குக்கூடத் தெரியாமல்.

"காசுக்காக எடுத்து வெக்கல. அப்படியே வீச மனசு வரல" என்றான். "ஆனா என் பொண்டாட்டி பொய் சொல்றான்னு நீங்க நினைச்சிடக் கூடாது."

மிஸஸ் ப்ரூயிட் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் அவற்றைத் தொட்டாள். வெளியாள் ஒருவர் சாட்சி சொன்னால் போதும் என்றாள்.

அவள் போன பிறகு எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. என் தோளில் கை வைத்துவிட்டு மறுபடி வைக்கோல் போடப் போனான். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

ஏப்ரல் 16

புயல் ஓய்ந்த அன்று காலை பாதையில் பனி தள்ள வந்த ஹாஸ்கல் செத்த கன்றுகளைப் பார்த்திருக்கிறான். ஆர்வலே போய் அவனைச் சாட்சி சொல்லக் கேட்டான். "நீ அழுததையும் சேத்துச் சொல்லட்டுமா?" என்றானாம் ஹாஸ்கல். "வாயை மூடுடா" என்றானாம் இவன்.

ஜூலை 30

பணம் வந்தது. முழுசாக இல்லை. பேங்குக்குப் போதும்.

அக்டோபர் 20

லாரி வந்தது. எல்லா வருஷமும் போல வளர்ந்த கன்றுகள் மட்டும் ஏறின. பசு ஒன்றுகூட ஏறவில்லை. லாரி போனதும் கேட்டைச் சாத்திவிட்டு ஆர்வல் அங்கேயே நின்றான். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன, கண்ணு கலங்குது?" என்றான்.

"காத்து."

"ம். எனக்கும் காத்துதான்."

இன்று புல் நுனிகூட அசையவில்லை.