அன்று நீங்கள் கிளம்பிய நேரம்

ஐயம்பேட்டை
3.6.2024

கர்த்தருக்குள் அன்பான அம்சாவுக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்குது? போன் பண்ணினால் இரண்டு பேருமே "ம்" சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் துணை வேண்டும் என்று மகள் கிரேஸ் உன்னை அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்து, வருகிற சனிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. குமாரசாமியிடம் ஆட்டோ சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு வருகிறேன். துணிமணிகளை எடுத்து வை.

பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ் போட்டு, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தாயிற்று. எதிர்வீட்டு தேவகிதான் சமைத்துத் தருகிறாள். உப்பு ஒருநாள் போல் ஒருநாள் இருப்பதில்லை. சபையில் எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள். புருஷன் வீட்டில் இருக்க, பெண்டாட்டி ஹோமில் இருக்கிறாள் என்றால் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்? நீயே யோசித்துப் பார்.

இப்படிக்கு,
தே. யேசுதாஸ்


ஓரிக்கை
6.6.2024

அன்புள்ள கிரேஸ் அப்பாவுக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. வலி குறைஞ்சிருக்குது. வாக்கர் பிடிச்சு வராந்தா முழுக்க நடக்கிறேன்.

சனிக்கிழமை ஆட்டோ வேணாம். நான் வரலை. இந்த வரியை எழுத மூணு தாள் கிழிச்சேன்.

நீங்க நினைக்கிற மாதிரி இடம் இல்லைங்க இது. குளிக்கவும் மாத்திரை எடுத்துக்கவும் துணைக்கு ஆள் வருவாங்க. மத்த நேரம் அவங்கவங்க வாழ்க்கை. வந்த அன்னிக்கு, வேலை செய்யற பொண்ணு, "காபி எத்தனை மணிக்கு வேணும்மா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு பதில் சொல்லத் தெரியலை. உங்களுக்குக் குடுத்துட்டு மிச்சத்தைக் குடிச்சுத்தான் பழக்கம். அழுகை வந்துடுச்சு. பாவம், என்னமோ தப்பா கேட்டுட்டோம்னு அந்தப் பொண்ணு பயந்துபோச்சு.

என் ரூமில கூட இருக்கிறவங்க சுகுமாரி அக்கா. ஜைனங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுவாங்க. அவங்களோட சேர்ந்து நானும் அஞ்சரைக்கே சாப்பிட்டுடறேன். செவ்வாய்க்கிழமை ஆனா நாங்க ஏழு பேரு வேன்ல பிள்ளையார்பாளையம் போறோம். அங்க ஒரு ஹால்ல நெசவு செய்யற பொம்பளைங்க வருவாங்க. தறிக்குழியில காலை விட்டு உக்காந்தே அவங்களுக்கு முட்டியும் முதுகும் போயிடுது. துர்காதேவின்னு ஒரு பிசியோதெரபி டீச்சர் எங்களுக்குச் சொல்லிக்குடுத்த பயிற்சியை, நாங்க அவங்களுக்குச் செஞ்சு காட்டுறோம். இருபத்தாறு வருஷம் அங்கன்வாடியில பிள்ளைங்களை உக்கார வச்சவளுக்குப் பெரியவங்களை உக்கார வைக்கிறது கஷ்டமா என்ன?

மாத்திரையை வேளைக்குப் போடுங்க.

அம்சா


ஐயம்பேட்டை
19.6.2024

அம்சாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் குடித்தேனா? உன்னை ஒருநாள் கை நீட்டி அடித்தேனா? முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக நின்றுகொண்டே வேலை பார்த்து வீட்டைக் கட்டினேன். ஊர்ப் பெண்களுக்குக் கால் பிடித்துவிட உனக்குத் தெம்பு இருக்குது, வீட்டுக்கு வரத் தெம்பு இல்லையா?

காபி எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை, சரி. அதற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? பாஸ்டர் ஐயா நேரில் வந்து உன்னிடம் பேசுகிறேன் என்கிறார். அனுப்பட்டுமா?

தே. யேசுதாஸ்


ஓரிக்கை
4.7.2024

அன்புள்ள கிரேஸ் அப்பாவுக்கு,

பாஸ்டரை அனுப்பாதீங்க. வந்தா மரியாதையா உக்கார வச்சு காபி குடுத்து அனுப்புவேன். என் பதில் மாறாது.

நீங்க குடிச்சதும் இல்லை, அடிச்சதும் இல்லை. யார் கேட்டாலும் அதைச் சொல்வேன்.

போன வாரம் கிரேஸ் பிள்ளைங்களைக் கூட்டிக்கினு வந்திருந்தா. பேசிக்கிட்டு இருக்கும்போது, "நீ விழுந்த அன்னிக்கு அப்பா எத்தனை மணிக்குச் சர்ச்சுக்குக் கிளம்பினார்?"னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அந்த நேரத்தை உங்ககிட்டதான் கேக்கணும்.

இங்க எல்லாரும் சுகம். சுகுமாரி அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அவங்களுக்கு நான்தான் பேப்பர் படிச்சுக் காட்டுறேன்.

அம்சா


ஐயம்பேட்டை
14.8.2024

அம்சாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

நேற்று பிள்ளையார்பாளையம் வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஹாலுக்கு எதிரில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். ஜன்னல் வழியாக நீ தெரிந்தாய். நாற்காலியில் உட்கார்ந்து மைக் பிடித்து "ஒண்ணு, ரெண்டு, மெதுவா, மூணு" என்று எண்ணிக்கொண்டிருந்தாய். முப்பது பேர் உன் சொல்லுக்குக் கால் நீட்டினார்கள். ஒரு அம்மாள் கால் மாற்றி நீட்ட, நீ என்னமோ சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள்.

இவ்வளவு சத்தமாக உன் குரலை நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். நீ பாத்ரூமில் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

சர்ச் கமிட்டி ஐந்து மணிக்கு. நான் கிளம்பியது ஐந்தே காலுக்கு. நீ கூப்பிட்டபோது முன்ரூமில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டாய். துண்டு கேட்கிறாய், சோப்பு கேட்கிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டது துண்டுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஏற்கனவே நேரமாகிவிட்டது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்தேன். ஏழு மணிக்குத்தான் வந்தேன்.

டாக்டரிடமும் கிரேஸிடமும் நான் நாலரைக்கே போய்விட்டதாகச் சொன்னேன். பாஸ்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஜெபத்தில்கூட நேரத்தை மாற்றித்தான் சொன்னேன்.



யேசுதாஸ்


ஓரிக்கை
19.8.2024

அன்புள்ள யேசுதாஸ் அவர்களுக்கு,

கல்யாணமாகி நாப்பத்தி மூணு வருஷத்துல உங்க பேரை இன்னிக்குத்தான் ஒரு கடிதத்து மேல எழுதறேன். தப்பா எடுத்துக்காதீங்க. கிரேஸ் அப்பாவுக்கு எழுத வேண்டியது இல்லை இது.

எனக்கு அன்னிக்கே தெரியும். நான் கூப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் சைக்கிள் ஸ்டாண்டை நீங்க தட்டின சத்தம் கேட்டுது. திரும்பி வருவீங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு மனசு கேக்காம வந்துடுவீங்கன்னு நினைச்சுக்கினே கிடந்தேன். தரை ஈரம் முழுக்க முதுகில ஏறிடுச்சு. ஏழு மணிக்கு வந்து "ஐயோ, எப்போ விழுந்தே?"ன்னு கேட்டீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

கிரேஸ்கிட்ட நான் சொல்லலை. இனியும் சொல்லமாட்டேன். அதை அவகிட்ட சொல்ல வேண்டியவர் நீங்க. எப்போன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

நீங்க எழுதினதைப் படிச்சு ரொம்ப நேரம் அழுதேன். சுகுமாரி அக்கா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. எழுதணும்னு உங்களுக்குத் தோணினதே, அதுக்காக தேவனுக்குத் தோத்திரம் சொன்னேன். மன்னிச்சுட்டேனான்னு கேட்டா, மன்னிக்கப் பாத்துக்கிட்டு இருக்கேன். சில நாள் முடியுது, சில நாள் முடியலை.

வீட்டுக்கு நான் வரலை. கோபத்துல சொல்லலைங்க. கூப்பிட்டா வருவீங்கன்னு இருந்த நம்பிக்கை போயிடுச்சு. எழுபதை நெருங்கறவ அது இல்லாத வீட்டில எப்படிக் கண்ணை மூடித் தூங்குவா? இங்க கட்டிலுக்குப் பக்கத்துல மணி இருக்குது. அடிச்சா ஆள் வருது. செவ்வாய்க்கிழமை ஆனா எனக்காக முப்பது பேரு காத்துக்கினு இருக்காங்க. இங்கேயே இருக்கப்போறேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்.

தேவகி சமையல் ஒத்துவரலைன்னா வேற ஆள் பாருங்க, பட்டினி கிடக்காதீங்க.

இனிமே ஹாலுக்கு வெளியில மரத்தடியில நிக்காதீங்க. உள்ள வாங்க. ஆம்பளைங்களும் நாலஞ்சு பேரு வராங்க. பின்னாடி வரிசையில ஒரு நாற்காலி போடச் சொல்றேன். என்கிட்ட எதுவும் பேச வேணாம், நானும் பேசமாட்டேன். நான் எண்ணும்போது, மத்தவங்க மாதிரி நீங்களும் காலை நீட்டி மடக்குங்க. போதும்.

அம்சா