காது கேட்கிறதாம்

14 ஜூலை 1992, செவ்வாய்

குரோம்பேட்டை டாக்டர் அருணைச் சோதித்துவிட்டு, "காது பர்ஃபெக்ட்மா" என்றார். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினார். திரும்பினான். "பாத்தியா! இன்னும் ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

காது கேட்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று வயதாகிறது. தட்டுக்குத் திரும்புகிறான், எலெக்ட்ரிக் ட்ரெயினுக்குத் திரும்புகிறான். நான் கூப்பிட்டால் மட்டும் இல்லை.

கல்லூரியில் தத்துவப் பாடத்தில் மோனாடு என்று படித்தோம். உலகமே பிரிக்கமுடியாத தனித்தனி உயிர்த்துளிகளாம். எதற்கும் சன்னல் கிடையாதாம், வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போகாதாம். கடவுள் முன்பே சாவி கொடுத்துவைத்த கடிகாரங்கள் மாதிரி, தொடாமலே ஒத்து ஓடுமாம். நானும் அவனும் அப்படிக்கூட ஓடவில்லையே.

பரீட்சையில் அதைப் பற்றிய கேள்விக்கு வகுப்பில் எனக்குத்தான் அதிக மதிப்பெண். ஒரு வரிகூட மறந்து தொலையவில்லை.

தூங்காமல் கிடக்கிறான். இப்போதுகூடக் காதருகில் போய், "அருண், அம்மாடா" என்றேன். சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

கடவுளே, அன்று நான் எழுதியதெல்லாம் தப்பாக இருக்கட்டும்.