மூணாவது கடை

முந்தல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஸப்ராஸுக்கு, வாப்பா எழுதுறன். அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கச்சி ஷிம்லாவும் அல்லாஹ்ட கிருபையால சாப்பிடுறம், படுக்குறம், எழும்புறம். சுகம் எண்டு எழுதக் கை வருதில்ல. நீ கட்டார்ல சுகமா இருக்க ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்குறன். போன் எடுத்தா ரெண்டு பேரும் கதைக்காமலே இருக்கம், அதுதான் உன்னோட வேலை செய்ற றிஸ்கான் லீவு முடிஞ்சி அங்க திரும்பி வரக்குள்ள அவன்ட கையில இதக் குடுத்து விடுறன்.

தங்கச்சிட ஸ்கூல் சாமானுக்கு நீ அனுப்பின காசு கிடைச்சிது. உம்மா மாதிரி பத்து ரூபாக்குக் கடை கடையா அலையாதீங்க, ஓட்டோ பிடிச்சி ஒரே கடையில வாங்குங்க எண்டு சொன்னாய். அது என்ட கதைதான், நீ என்னட்ட இருந்து பழகினது. நான் வேலை செய்ற இறால் பண்ணையில தண்ணிக்குக் காத்து அடிக்கிற மோட்டர் நிண்டா கொஞ்ச நேரத்தில குளத்து இறால் முழுக்க மிதக்கும், அந்த மோட்டரப் பாக்குறவனுக்கு நேரம்தான் பெரிசு. போன வருஷம் உம்மா புள்ளையக் கூட்டிக்கிட்டு மூணு கடை ஏறி இறங்கி வந்தப்ப, அவ மிச்சம் பிடிச்சது அறுநூறு ரூபா, அதுக்கு அஞ்சி மணித்தியாலம் போயிருக்கு எண்டு கல்குலேட்டரக் காட்டினன். அவ சிரிச்சிட்டு, அந்தக் கணக்கப் போய் உங்கட மோட்டருக்குச் சொல்லுங்க எண்டா.

இந்தமுறை நீ சொன்னபடியே செஞ்சன். புத்தளத்தில பெரிய கடை ஒண்டில கொப்பி, சப்பாத்து, பை, பென்சில் எல்லாம் இருவத்தஞ்சி நிமிஷத்தில முடிஞ்சிது. ளுஹர் தொழுகைக்கு முந்தியே வீட்ட வந்திட்டம். மிச்சம் வந்த நேரத்த என்ன செய்றது எண்டு தெரியல்ல மகன். ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்தன், அத இன்னும் உம்மா படுக்கிற பக்கம்தான் திருப்பி வெச்சிருக்கன். உம்மாட போனையும் ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுறன், ஏன் எண்டு கேக்காத. அதுக்கு நீ மெசேஜ் போட்டாய். வெளிச்சம் வந்திச்சி. நான் திறக்கல்ல.

ஷிம்லா அந்தப் பையத் தொடவே இல்ல. உம்மா மவுத்தாகி மூணு மாசமா அவ ஸ்கூலுக்குப் போகல்ல எண்டு உனக்குத் தெரியும். உம்மா இல்ல எண்டு அவ வாயால ஒருக்காவும் சொன்னதும் இல்ல. புதுக் கொப்பியக் கண்டா போவா எண்டு நினைச்சன், போகமாட்டன் எண்டா. ரெண்டு நாள் கேட்டுக் கேட்டுப் பாத்த பிறகு, நாம இன்னும் பதுர்தீன் மாமாட கடைக்குப் போகல்லயே வாப்பா எண்டா. தில்லையடியில இருக்கிற அந்தச் சின்னக் கடைதான் உம்மாட மூணாவது கடை. எல்லாம் வாங்கியாச்சே எண்டு சொல்ல வந்த வாயால, சனிக்கிழமை போவம் எண்டன்.

நேத்து லீவு போட்டு பஸ்ஸில கூட்டிக்கிட்டுப் போனன். அவதான் வழி காட்டினா. முதல் கடையில கொப்பி விலைய மட்டும் கேட்டுட்டு வெளிய வந்தா, ரெண்டாவது கடையில சப்பாத்தப் போட்டு நாலடி நடந்து பாத்துட்டுக் கழட்டி வெச்சா. எந்த இடத்தில ரோட்டுக் கடக்குறது, எந்த நிழல்ல நிக்கிறது, எல்லாம் உம்மா செய்ற மாதிரியே. பின்னால நடந்த என்ட கால் தன்னால இன்னொரு ஆளுக்கு இடம் விட்டுது.

மூணாவது கடையில பதுர்தீன் நானா கண்ணாடியத் தூக்கிப் பாத்து, என்ன புள்ள, இண்டைக்கு வாப்பாவ இழுத்துக்கிட்டு வந்திருக்காய், என்னோட சண்டை பிடிக்க உம்மா வரல்லயா எண்டு கேட்டார். அவருக்கு ஆரும் சொல்லியிருக்கல்ல. ஷிம்லாதான் சொன்னா, உம்மா மவுத்தாகிட்டாங்க மாமா எண்டு. சொல்லிட்டு பென்சில் அழிக்கிற றப்பர் ஒண்ட எடுத்து விலை கேட்டா. அவர் கண்ணத் துடைச்சிக்கிட்டு, சும்மா கொண்டு போ புள்ள எண்டார். சும்மா வேணாம், அறுவது எண்டு போட்டிருக்கு, போன வருஷம் அம்பதுக்குத்தானே தந்தீங்க, அம்பதுக்குத் தாங்க எண்டா. அந்தக் குரலக் கேட்டு நான் திரும்பிப் பாத்தன் மகன். பின்னால ரோட்டு மட்டும்தான் இருந்திச்சி.

ஆறு மணித்தியாலத்துக்கு மிச்சம் பத்து ரூபா. ராவு பையத் திறந்து எல்லாக் கொப்பியிலயும் தன்ட பேர எழுதினா. நாளைக்கு ஸ்கூல் தொடங்குது, போறன் எண்டிருக்கா.

உம்மாட ஜனாஸா அடக்கத்துக்கு வர ஏலாமப் போனத நினைச்சி மனச உடைக்காத. நேரத்துக்குச் சாப்பிடு, வெயில்ல தலையில துணியப் போடு. உம்மாட போனுக்குப் போடுறத நிப்பாட்டு எண்டு சொல்லல்ல, ஆனா எனக்கும் ஒண்டு போடு, நான் திறப்பன். லீவு கிடைச்சா டிக்கட் மலிவு எண்டு ரெண்டு நாட்டில இறங்கி ஏறி வராத. காசு போனாப் போகட்டும், நேரா வா. அல்லாஹ் உன்னப் பாதுகாக்கட்டும்.

துஆவோட,
வாப்பா
ஜபார்