இருவரும் பின்னால் போகும் ஆட்டம்

அன்புள்ள மனைவிக்கு,

இங்கு நலம். நீயும் நலம் என்ற அனுமானத்தின் பேரில் எழுதுகிறேன். நிலைமை வேறாக இருப்பின் உடனே தெரிவிக்கவும். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. இப்போது குளியலறைக் குழாய் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டுள்ளது.

உன் கடிதம் கிடைத்தது. அங்குள்ள மருத்துவமனை தன் ஆய்வகத்தில் உன்னை மேலும் ஓராண்டு இருக்கச் சொல்வதையும், மாத இறுதிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பதையும் படித்தேன். என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் நம் மகளின் திருமண வரவேற்பு. அன்று நாம் இருவரும் சேர்ந்து ஆட வேண்டும் என்பது அவள் விதித்த ஒரே நிபந்தனை. அதற்காக நான் இங்கே வால்ட்ஸ் என்னும் நிதான ஜோடி நடன வகுப்பில் சேர, நீ அங்கே சால்சா என்னும் வேக நடனம் கற்றிருக்கிறாய். "நீங்க பீரோவை நகர்த்துற மாதிரி நகருவீங்க, நான் பம்பரமா சுத்துவேன், பாக்கிறவங்க சிரிக்கப் போறாங்க" என்று எழுதியிருந்தாய். ஆகவே நானும் சால்சாவுக்கு மாறினேன்.

வால்ட்ஸில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பு, "தங்களை வலப்பக்கம் திருப்ப உத்தேசித்துள்ளேன், ஆட்சேபம் உண்டா?" என்று உடன் ஆடுபவரைக் கேட்பது என் வழக்கம். சால்சாவில் கேட்டு முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. ஆசிரியை, "வக்கீல் சார், நோட்டீஸ் குடுத்துக் குடுத்து ஆட இது என்ன வீட்டைக் காலி பண்ற கேஸா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும், சற்றுத் தாமதமாக, சிரித்தேன்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் படித்துவிட்டே நான் நீதிமன்றம் செல்வேன் என்பது உனக்குத் தெரியும். நீ எங்கே கால் வைப்பாய் என்று அறிந்துகொண்டால் தவறு நேராது எனக் கருதி, உன் அடிகளையே, அதாவது நடத்துபவருக்குப் பின்னால் போகிறவரின் அடிகளையே, கற்றேன். என்னை நடத்தி ஆடுபவர் அடுத்த தெரு ரொட்டிக்கடைக்காரர். ஆள் கதவு அகலம். "நீங்க சும்மா வாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்பார். நானும் போனேன். மிக நன்றாகவே சுழல்கிறேன். ஆசிரியை என்னை முன்வரிசைக்கு மாற்றியுள்ளார்.

நேற்று இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "அப்பா, அம்மாவுக்கும் அதே அடிதானே தெரியும்? அப்ப யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது? கையப் பிடிச்சிக்கிட்டு 'நீ சொல்லு', 'நீங்க சொல்லுங்க'ன்னு நின்னுக்கிட்டே இருப்பீங்களா?" என்றாள். இந்த அம்சத்தைப் பரிசீலிக்க நான் தவறிவிட்டேன்.

இன்று மாலை, இடது கையை நீட்டி நடத்துபவர் பக்கத்துக்கே என்னை மாற்றும்படி ஆசிரியையிடம் கோரினேன். என்னோடு ஆடிப் பார்த்துவிட்டு, "உங்க கை 'உங்க இஷ்டம், உங்க இஷ்டம்'னே சொல்லுது சார். கை அப்படிச் சொன்னா எதிர்ல நிக்கிற கால் எங்க போகும்?" என்று கேட்டார்.

இனி உன் கேள்வி. எழுதிக் கிழித்த வரைவுகளில் எல்லாம், 'முடிவு முற்றிலும் உன்னுடையது. எனக்கு ஆட்சேபம் இல்லை' என்றே எழுதியிருந்தேன். அவ்வாசகத்தை நீக்குகிறேன். எனக்கு ஆட்சேபம் உண்டு. கையெழுத்திடாதே. வந்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். ரொட்டிக்கடைக்காரர் நல்ல மனிதர்தான். எனினும் அவர் கை உன் கை ஆகாது.

இடது கையை நீட்டியபடி,
உன் கணவன்