இரண்டு தடவை இழுத்தேன்

பீடோர்,
12.8.1979

அன்புள்ள பெட்ரீசியாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் இருமல் நின்றதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஈயம் தோண்டிய பழைய குட்டையில் முங்கி, அடியில் மூழ்கிக் கிடக்கும் ஈயம் வாருகிற கப்பலில் பித்தளை கழற்றும் வேலைதான் இன்னும். போன செவ்வாய் ஒரு சின்னக் கலாட்டா. யாராவது வந்து சொன்னால் பதறாதே. கப்பலுக்குள் சங்கிலி சரிந்து என் இடது காலைக் கவ்விக்கொண்டது. இடுப்புக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தால் ஆளைத் தூக்க வேண்டும். இழுத்தேன். மேலே படகில் கயிறு பிடித்திருந்த சன்னாசி அண்ணனை, எங்களை மேய்க்கிற மண்டோர் தடுத்திருக்கிறான்.

"மொதல்ல பித்தளைக் கூடை ஏறட்டும்லா. ஆளு எங்க போயிருவான்?"

அண்ணன் துடுப்பை எடுத்து அவன் தாடையைப் பெயர்த்துவிட்டுத்தான் என்னைத் தூக்கினார். நான் வந்துவிட்டேன். கால்விரல் இரண்டு மட்டும் கப்பலிலேயே தங்கிவிட்டது.

அண்ணன் இப்போது லாக்கப்பில். முதலாளி ஆஸ்பத்திரிக்கே ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "நீ கயித்த இழுக்கவே இல்லன்னு கோர்ட்டுல சொல்லு. ஒன் வேலை எங்கயும் போகாது" என்றார். பழத்தை அவர் மூஞ்சியிலேயே எறிந்தேன்.

என் கல்யாணச் சட்டையை பஸ்ஸில் கொடுத்தனுப்பு, கோர்ட்டுக்கு வேண்டும். உன் பவுடர் வாசம் இருந்தால் துவைக்காதே.

நர்ஸ் கட்டுப் பிரிக்க வந்துவிட்டாள். வேலை போய்விடும், திட்டாதே. இப்போது அடியில் கிடப்பவர் அண்ணன். கயிறு என் கையில் இருக்கிறது.

லியோனார்ட்