ஐந்தாம் பத்தியில் ஒரு மன்னிப்பு

மார்ச் 4

பேக்கரியைப் பிரித்தாகிவிட்டது. முன்கடை அண்ணனுக்கு, வேன் எனக்கு. பின்பக்க ஓவன் அறை யாருக்கு என்பதுதான் பாக்கி. அதைத் தீர்க்க ஒரு நடுவரை வைத்திருக்கிறோம், ஓய்வுபெற்ற நீதிபதி.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் என் வக்கீல். இருக்கிறதே. அண்ணன் போனில் அரட்டை அடித்துக்கொண்டே ரொட்டியைக் கருக விட்டுவிட்டு, வேலையாட்கள் எல்லாரும் பார்க்கப் பழியை என் தலையில் போட்டான். அதற்கு அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் அதைப் போய் மனுவில் எழுதுவதா? மானம் போய்விடும். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

மார்ச் 19

விசாரணை. ஓவனைப் பற்றிப் பேசப் போய், கருகிய ரொட்டிக்கு வந்து, அழுது தொலைத்தேன். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணன் கொட்டாவி விட்டான். தடியன்.

ஏப்ரல் 8

தீர்ப்பு வந்தது. ஓவன் எனக்கு. அதோடு விட்டாரா மனுஷன்? ஐந்தாம் பத்தி: அண்ணன் வேலையாட்கள் முன்னிலையில் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆறாம் பத்தி: இருவரும் வாரம் ஒருமுறை சேர்ந்து சாப்பிட வேண்டும். ஏழாம் பத்தி போட்டு எனக்கு மாப்பிள்ளை பார்க்காமல் விட்டாரே, அதுவரை புண்ணியம்.

ஐந்தாம் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓவன் கிடைத்ததைவிட இதுதான் இனித்தது. ஆறாவது வேண்டாம். அவன் மெல்லுகிற சத்தம் காது தாங்காது.

ஏப்ரல் 21

அண்ணன் கோர்ட்டுக்குப் போய்விட்டான். போகட்டும்.

ஜூலை 2

கோர்ட் சொல்லிவிட்டது: ஓவன் எனக்கேதான். ஐந்தும் ஆறும் ரத்து. கொடுத்த கேள்விக்கு மட்டும்தான் நடுவர் தீர்ப்புச் சொல்லலாம், யாரும் கேட்காததைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம்.

"நான் அன்னிக்கே கேட்டேனேம்மா" என்றார் வக்கீல். இப்போ இது ரொம்ப முக்கியம்.

ஆத்திரத்தில் நடுவருக்கே போன் போட்டேன். "அவன்தான் கேக்கல. ஆசை காட்டினதுக்கு நீங்களாவது மன்னிப்புக் கேக்கலாமே சார்?"

"அது என் வரம்புக்குள்ள வராதும்மா" என்று வைத்துவிட்டார். வரம்பு இப்போதுதான் ஐயாவுக்கு ஞாபகம் வருகிறது.

ஜூலை 9

தன் தட்டுகளை எடுத்துப்போக அண்ணன் ஓவன் அறைக்கு வந்தான். வேலையாட்கள் எல்லாரும் இருந்தார்கள். எனக்கு என்ன வந்ததோ—

"அண்ணா, அன்னிக்கு ரொட்டியக் கருக விட்டது நீ. எங்கிட்ட மன்னிப்புக் கேளு."

அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"இதுக்காகவா இவ்வளவும்? வாயத் திறந்து கேக்க வேண்டியதுதானே." பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான்தான் கருக விட்டேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடு" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அவன் மூக்கைச் சுருக்கினான்.

"ஏய், ஏதோ தீயுற வாடை வரல?"

ஓடிப்போய்த் திறந்தேன். ஓவனில் இருந்தது அத்தனையும் கரி. வேலையாட்கள் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். பிறகு துணியை எடுத்துக்கொண்டு, நான் வெளியே இழுத்த தட்டின் மறுமுனையைப் பிடித்தான்.