கடல் பக்கம் கதவில்லாத வீடு

சான் ரோக்கே,
சமார் தீவு.
வியாழக்கிழமை.

அன்புள்ள மாரே லொய்டாவுக்கு,

உன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்று, அந்த உரிமையில் உன்னை மாரே என்று கூப்பிடுகிற எர்மீனியா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லோரும் இங்கே சுகம். உன் சுகத்தை நீ எழுத மாட்டாய், எனக்குத் தெரியும். உன் தங்கை வீட்டு மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். போன் செய்தால் எடுப்பதில்லை. காகிதத்தை அப்படித் தள்ள முடியாது, உன் தங்கை அதை உன் மடியில் போட்டுவிட்டுத்தான் போவாள். அதனால் இதை எழுதி, சிமெண்ட் இறக்க வந்த படகுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ போன பிறகு நம் சபைக் குழுவின் வீடு கட்டும் வேலை நடந்த அழகைக் கேள். கூரை முடிந்துவிட்டது. அடுத்த புயலில் சான் ரோக்கேயே பறந்தாலும் இந்தத் தகரம் பறக்காது, அப்படி இழுத்துக் கட்டியிருக்கிறோம். பாஸ்டர் எலியாசர் சுத்தியலால் தன் கட்டைவிரலையே அடித்துக்கொண்டார். "ஸ்தோத்திரம்" என்றுதான் சொன்னார், ஆனால் அவர் சொன்ன தொனியில் அது ஸ்தோத்திரம் இல்லை. என் கைகளைப் பார்த்தால் நீ சிரிப்பாய். காலமெல்லாம் ரொட்டி மாவு பிசைந்த கை, சிமெண்ட் பிசைந்து முதலைத் தோலாகிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் கருவாடு, மதியம் கருவாடு, இரவில் ஒரு மாறுதலுக்காக வேறு ஒரு கருவாடு.

வீட்டை ஒப்படைத்தும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்து, பாட்டுப் பாடி, சாவியை, புயலில் வீடு போன பாசிங்கின் கையில் கொடுத்தோம். அவள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, பெண்களை இந்த ஊர் வழக்கப்படி மானா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டு நன்றி சொன்னாள். இலையில் சுற்றி வேகவைத்த ஒட்டரிசிப் பலகாரம் கொடுத்தாள். போட்டோவுக்குச் சிரித்தாள். அன்று மாலை பார்த்தால், பழையபடி தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் பாயை விரித்துக்கொண்டிருக்கிறாள். புது வீட்டுக்கும் கூடாரத்துக்கும் நடுவில் ஒரு கோழி நடந்து போகிற இடம்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்டால், "நாளைக்குப் போறேன் மானா" என்கிறாள். அந்த நாளை இன்னும் வரவில்லை. புருஷனைக் கடல் கொண்டுபோன பெண், பாவம், தனியாகப் படுக்கப் பயமோ என்னவோ என்று நான் நினைக்கிறேன். நன்றி கெட்டவள் என்று குழுவில் ஒருவர் முணுமுணுக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவர் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது.

சுற்றிச் சுற்றி எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். நீ போன நாளுக்கு வருகிறேன்.

அன்று நான் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நீ புது வீட்டுக்குள், கடல் பக்கச் சுவரைப் பார்த்து நின்றாய். கையில் இருந்த அளவு நாடா அவிழ்ந்து தரையெல்லாம் கிடந்தது. யாரோ தட்டினார்கள் என்றாய். அலை ஏறியிருந்த நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் மணலும் தண்ணீரும்தான். பச்சைத் தென்னம்பலகை வெயிலில் முறுக்கிக்கொள்ளும், அந்தச் சத்தமாக இருக்கும் என்றார் பாஸ்டர். நீ பையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்துவிட்டாய்.

படகு வரும்வரை நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தாய். "ரெண்டு தடவ விரல் முட்டி, அப்புறம் ஒரு தடவ உள்ளங்கை. அது யார் தட்டுறதுன்னு உனக்குத் தெரியும்ல மாரே?" என்றாய். எனக்குத் தெரியும். உன் ஜெத்ரோ அப்படித்தான் தட்டுவான்.

நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய? கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போன பிள்ளை, நடுக்கடலில் ஒரு காலையில் படுக்கையில் இல்லை என்று கம்பெனிக்காரர்கள் எழுதி ஆறு வருடம் ஆகிறது. புதைக்க உடம்பில்லாமல் போட்டோவை வைத்து ஆராதனை நடத்தினோம். அந்த வருடமே நீ மாந்தோப்புத் தெரு வீட்டை விற்றாய். அதற்குப் பிறகு அவன் பேச்சை நீ என்னிடம் எடுத்தது அந்தப் படகுத்துறையில்தான். பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுருதி யாருக்கு விலகியது என்று வாரா வாரம் சண்டை போட்ட நாம், இதை மட்டும் பேசியதே இல்லை.

உனக்குத் தூக்கம் போதவில்லை மாரே, வெயிலும் தலைக்கேறிவிட்டது. படுத்து எழுந்தால் தெளிந்துவிடும். என் ரொட்டிக் கடைப் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன், தினமும் உனக்கு ரொட்டி வரும். திருப்பி அனுப்பாதே. ஆண்டவர் உன் கண்ணுக்குத் தூக்கம் கொடுக்கட்டும்.

உன் மாரே,
எர்மீனியா


சான் ரோக்கே.
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாரே,

போன கடிதத்தில் வெயில், தூக்கம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதைக் கிழித்து அடுப்பில் போடு. நானும் கேட்டேன்.

அந்தக் கடிதம் போன மறுநாள், நடுப்பகல். மற்றவர்கள் பக்கத்துக் கிராமத்துக்குப் பலகை எடுக்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் பாசிங் வீட்டுக்குள் ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். அலை சுவர்வரை ஏறியிருந்தது. பளீரென்ற வெயில், ஒரு நிழல்கூட இல்லை. இரண்டு விரல் முட்டி, ஒரு உள்ளங்கை. பலகை முறுக்குகிற சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், இது அது இல்லை.

என் அடுமனையின் பின்கதவில் எத்தனை வருடம் கேட்ட சத்தம் இது. விடிவதற்கு முன்னால் கூடையோடு வந்து நிற்பான், பள்ளிக்கூடம் போகுமுன் தெருத் தெருவாக விற்க. "நினாங், ரொட்டி சூடா இருக்கா, இல்ல உன்ன மாதிரி ஆறிப்போச்சா?" என்பான். ஞானத்தாயிடம் பேசுகிற பேச்சா அது? வாய் நீளத்தில் அவன் உன்னைக் கொண்டு பிறந்தவன்.

ஜெபம் வரவில்லை மாரே. "இருடா, வர்றேன்" என்றுதான் வாயில் வந்தது. பழக்கம். திறக்க எழுந்தும்விட்டேன். எதைத் திறப்பது? அங்கே சுவர்தான் இருந்தது. சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ரோட்டுப் பக்கக் கதவால் வெளியே போய் வீட்டைச் சுற்றி ஓடினேன். ஈர மணலில் ஒரு நண்டு ஓடியது. வேறு ஒன்றும் இல்லை.

பாசிங் கூடார வாசலில் மீன் செதிள் சுரண்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சா மானா?" என்றாள், மழை வந்ததா என்று கேட்பதுபோல. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன். தட்டுவது அவள் புருஷன் இஸ்கோவா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "அவனா? அவன் எந்தக் காலத்துல தட்டினான்? ரெண்டு கையிலயும் மீனு இருக்கும், கதவ உதைச்சுட்டுதான் வருவான். நாலு கதவ மாத்தியிருக்கேன் அவனால." பிறகு, தலையைத் தூக்காமல், "எப்பவும் கடல் பக்கமாத்தான் வருவான் மானா. ரோட்டுப் பக்கம் வீட்டுக்கு முதுகுன்னு நெனச்சிருப்பான். அவன் வந்து சுவத்தப் பாத்துட்டு, வீடு மாறிப் போச்சுன்னு போயிட்டா நான் என்ன செய்ய?" என்றாள்.

அதற்குத்தான் கூடாரத்தில் படுக்கிறாள். அவன் வந்தால் "இங்கதான், இங்கதான்" என்று கூப்பிட.

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். "லொய்டா மானா அவங்க வரைஞ்ச வீட்டுப் படத்த விரிச்சு வச்சு, கதவு இங்க வைக்கலாமான்னு கேட்டாங்க. சரின்னேன். கடல் தாண்டி வந்து சும்மா வீடு கட்டித் தர்றவங்க கேட்டா வேற என்ன சொல்லுவாங்க?" என்றாள். இது நமக்குத் தெரியாத விஷயமா? பசியில் காது அடைத்தாலும், விருந்துக்குப் போன வீட்டில் "சாப்பிட்டாச்சு" என்கிற கூட்டம்தானே நாமும். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும், நாம் எல்லோரும் உன் படத்தைப் பார்த்தோம். இதில் உன்மேல் தப்பு இல்லை. அடுத்த புயலில் ரோட்டுக்கு ஓட வசதியாகக் கதவை அந்தப் பக்கம் வைத்தாய். உயிரோடிருப்பவர்கள் வெளியே ஓடுவதை நீ நினைத்தாய், அவள் உள்ளே வரவேண்டியவனை நினைத்தாள்.

பாஸ்டரிடம் போனேன். எகிறினார். "நாம சுவிசேஷம் சொல்ல வந்தோமா, செத்தவங்களுக்கு வாசல் வைக்க வந்தோமா, சிஸ்டர்?" என்றார். செத்தவனை விடுங்கள், உயிரோடு ஒருத்தி கூடாரத்தில் படுத்திருக்கிறாள், அவளுக்கு வாசல் வையுங்கள் என்றேன். தட்டுகிறவனுக்குத் திற என்று ஞாயிறுதோறும் மேடையில் கத்துகிறீர்களே, யார் என்று விசாரித்துவிட்டுத் திற என்றா சொல்கிறீர்கள் என்றும் கேட்டேன். கொஞ்சம் அதிகம்தான். மனிதர் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மறுநாள் காலை நான் எழுந்து வருமுன், கட்டுப்போட்ட விரலோடு அந்தச் சுவரை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. மரத்தூள் என்றார். நானும் மரத்தூள் என்றே வைத்துக்கொண்டேன்.

கதவுக்குத் தாழ் வேண்டாம் என்றுவிட்டாள் பாசிங். உதைத்தால் திறக்கிற மாதிரி கீல் போட்டோம். அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். சோறு வடித்து இரண்டு தட்டு வைத்தாள். பாஸ்டரையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள், ஆனால் அந்த இரண்டாவது தட்டு எங்களுக்கு இல்லை. பாஸ்டர் அதைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். அவர் ஜெபித்ததிலேயே நல்ல ஜெபம் அதுதான். நான் இதுவரை ஜெபம் என்றால் மாவு மூட்டைக்கு ஆர்டர் கொடுப்பதுபோல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது சொல்லி முடித்த பிறகும் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் அலை ஏறும் நேரத்தில் நானும் பாசிங்கும் அந்தக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தோம். தட்டுச் சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இஸ்கோ வந்தானா என்று கேட்டேன். அவனுக்கு எதிலும் அவசரமில்லை, வருவான் என்றாள். அப்புறம் நான் ஜெத்ரோவைப் பற்றிச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்தத் தட்டுன புள்ள உள்ள வந்து பாத்திருக்கும் மானா. தன்னோட அம்மா இல்லன்னு போயிருக்கும்."

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாரே, அவள் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பாஸ்டருக்கும் தெரியாது, கேட்டுப் பார்த்தேன். ஆனால் ஒன்று தெரியும். அந்தப் பிள்ளைக்கு நம் ஊரில் இரண்டே கதவுதான் பழக்கம். ஒன்று மாந்தோப்புத் தெருவில். அங்கே இப்போது இரும்புக் கேட் போட்டு நாயைக் கட்டியிருக்கிறார்கள். உன் தங்கை வீட்டு மாடிப்படி அவனுக்குத் தெரியாது, அதை அவன் பார்த்ததே இல்லை. மிச்சம் இருப்பது என் அடுமனைப் பின்கதவு.

சனிக்கிழமைப் படகில் வருகிறேன். ஞாயிறு விடியலிலிருந்து அந்தக் கதவுக்குத் தாழ் போட மாட்டேன். திருடன் வருவான் என்று கடைப் பெண்கள் கத்துவார்கள், கத்தட்டும். நீ வந்து அடுப்புப் பக்கம் உன் பழைய முக்காலியில் உட்கார். பேச வேண்டாம். நம்பவும் வேண்டாம். முதல் ரொட்டி வெந்து வரும்வரை என்னோடு சும்மா இரு, போதும். சத்தம் ஏதாவது கேட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன், என் கை மாவில் இருக்கும். நீதான் எழுந்து திறக்க வேண்டும்.

வா மாரே. உள்ளே வந்து பார்த்துவிட்டு, அம்மா இல்லை என்று அவன் இன்னொரு தடவை திரும்பிப் போகக் கூடாது.

வெளியே நிற்கிற எல்லோரையும் ஆண்டவர் வீடு சேர்க்கட்டும், உள்ளே அடைந்து கிடக்கிற உன்னையும்.

உன் மாரே,
ஜெத்ரோவின் நினாங்,
எர்மீனியா